குடியிருக்கும் வீட்டுக்கு நன்றியோடு இருப்பது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தாம்பரம் பக்கம் மூன்று மாடிக் கட்டடம், அதில் கடைசி மாடி, 600 சதுர அடி, வாடகை. நீங்கள், கணவர், ஆறு வயது மகள். கோடையில் அறை கொதிக்கிறது. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகச் சொந்த ஃப்ளாட் வாங்கிப் பால் காய்ச்சக் கூப்பிடுகிறார்கள். போய்விட்டுத் திரும்பி வந்து உங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்போது மனசு சுருங்கிப்போகிறது. யாரோ சொன்னார்கள் என்று தினமும் மூன்று நன்றிகளை நோட்டில் எழுதிப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டே வாரத்தில் "கூரை இருக்கிறது, தண்ணீர் வருகிறது, பாதுகாப்பாக இருக்கிறோம்" என்று அதே மூன்று வரி. எழுதும்போது உள்ளே ஒன்றும் அசையவில்லை. இந்த வீட்டின் மேல் உண்மையாகவே நன்றி தோன்ற என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி.

நான் முப்பத்தாறு வருடம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவன். கடைக்கால் தோண்டும் நாளிலிருந்து சாவி கைமாறும் நாள் வரை நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளோடு கூடவே நின்றிருக்கிறேன். நானும் மனைவியும் ஏழு வாடகை வீடுகளில் குடியிருந்து, என் 54-வது வயதில்தான் சொந்த வீட்டுக்குப் போனோம். மனநல ஆலோசனை எனக்குத் தெரியாத துறை. வீடுகளைத் தெரியும். அந்த அளவில் சொல்கிறேன்.

அந்த மூன்று வரி வறண்டுபோனதற்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம். மின்விசிறி ஓடும் சத்தம் காதில் விழுவதில்லை; கரண்ட் போனால்தான் இவ்வளவு நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது தெரிகிறது. வீடு முழுக்கவே அப்படி. ஒழுகாத கூரையை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, ஒழுங்காகத் திறக்கும் கதவின் கீலை யாரும் நினைப்பதில்லை. நன்றாக வேலை செய்வதெல்லாம் கண்ணை விட்டு மறைந்துவிடும். பார்க்காத ஒன்றுக்கு நன்றி எழுதினால் வரி மட்டும்தான் மிஞ்சும்.

நோட்டுப் பழக்கத்திலும் ஒரு விஷயம் நடுவழியில் தொலைந்துவிட்டது. 2003-ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லஃப் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வுதான் இந்தப் பழக்கம் பரவ முக்கியக் காரணம். அதன் முதல் பகுதியில் பங்கேற்றவர்கள் பத்து வாரம், வாரத்துக்கு ஒரே ஒரு முறை, ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். அன்றாடத் தொல்லைகளை எழுதிய இன்னொரு பிரிவினரைவிட அவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடியிருந்தது. அப்புறம் சோன்யா லூபோமிர்ஸ்கி என்பவரின் குழு செய்த ஆய்வில், வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. ஆக, தினமும் எழுதி நீங்கள் களைத்துப்போனதில் வியப்பே இல்லை. நோட்டை வாரத்துக்கு ஒரு நாளாக்குங்கள். அதில் என்ன எழுதுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அம்மா சோறு போட்டால் நாம் "நன்றி அம்மா" என்று சொல்வதில்லை. சொன்னால் அம்மாவுக்கே ஒரு மாதிரி இருக்கும், தள்ளி வைத்துப் பேசுவதுபோல. நெருங்கியவற்றுக்கு நாம் வாயால் சொல்வதைவிடக் கையால் செய்வதுதான் அதிகம். தெரியாமல் முறத்தில் கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஆயுத பூஜையன்று அரிவாள்மனைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பொட்டு வைக்கிறோம். வெள்ளிக்கிழமை நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசுகிறோம். போகிக்கு முன்பும், கிறிஸ்துமஸ், ரம்ஜான் வரும்போதும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். அரிசி மாவில் கோலம் போட்டு எறும்புக்கும் பங்கு வைக்கிறோம். இவற்றில் எதிலும் நன்றி என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஒவ்வொன்றிலும் கை ஒரு பொருளைத் தொடுகிறது, கண் அதைப் பார்க்கிறது. வீட்டின் மேல் நன்றி எனக்கு வந்தது இந்த வழியில்தான். வீட்டைத் தெரிந்துகொண்டேன், பிறகு கையால் தொட்டுப் பராமரித்தேன். மற்றது தானாக வந்தது.

தெரிந்துகொள்வது என்றால் எப்படி என்று உங்கள் கூரையை வைத்தே சொல்கிறேன்.

600 சதுர அடி, தளத்தின் கனம் வழக்கம்போல 5 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 250 கன அடி காங்கிரீட். கம்பியோடு சேர்த்து ஒரு கன அடி சுமார் 70 கிலோ இருக்கும். மொத்தம் பதினேழரை டன். அதன்மேல் ஓடு பதித்த எடை வேறு. நன்றாக வளர்ந்த ஆண் யானை நான்கு டன் என்றால், நான்கு யானைக்கும் மேலான எடையின் கீழே உங்கள் மகள் இரவெல்லாம் புரண்டு படுத்துத் தூங்குகிறாள். ஒரு சிறு முனகல் கூட இல்லாமல் அந்த எடை சுவருக்கோ தூணுக்கோ போய், அங்கிருந்து அஸ்திவாரத்துக்குப் போய், மண்ணில் இறங்குகிறது. ஒவ்வொரு நொடியும், யாரும் பார்க்காதபோதும்.

அந்தத் தளம் போட்ட நாளை நினைத்துப் பாருங்கள். காங்கிரீட் போடும் நாள் என்றால் விடியலிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். கலவை இயந்திரம் ஓட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. பாதியில் நிறுத்தினால் பழைய கலவைக்கும் புதிய கலவைக்கும் இடையில் இணைப்பு விழும், பிற்பாடு அங்கேதான் தண்ணீர் இறங்கும். ரெடிமிக்ஸ் லாரியும் பம்பும் பரவலாக வருவதற்கு முன்பு கலவை மாடிக்கு ஏறியது கை மாற்றிக் கை. சாரத்தில் வரிசையாக நின்று சட்டியை வாங்கி வாங்கி மேலே கொடுப்பார்கள். அந்த வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் சும்மாடு. அன்றைக்கு வீட்டுக்காரர் எல்லோருக்கும் சாப்பாடு போடுவார். அடுத்த நாள் காலையில் தளத்தின்மேல் சிறு சிறு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். ஏழு நாளாவது, முடிந்தால் பதினான்கு நாள், அது காயக் கூடாது. காங்கிரீட் பலம் பெறுவது இந்த ஈரத்தில்தான்.

அதே மாதிரி ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது அங்குலக் கனம். ஏறக்குறைய ஆயிரம் செங்கல் பிடிக்கும். ஒரு செங்கல் சுமார் மூன்று கிலோ. அந்த மூன்று டன்னும் ஒரு சித்தாளின் தலையில் ஏறி இறங்கித்தான் கொத்தனார் கைக்கு வந்திருக்கிறது.

நான் கடைசிவரை மறக்காமல் வைத்திருக்கும் ஒரு காட்சி இது. கட்டி முடியாத வீட்டில் முதலில் குடியிருப்பவர்கள் வாட்ச்மேன் குடும்பம்தான். கதவு, ஜன்னல் இருக்காது. சாக்கை மறைப்பாகத் தொங்கவிட்டு, மூன்று செங்கல்லை அடுப்பாக வைத்துச் சமைப்பார்கள். காலையிலும் மாலையிலும் சுவருக்கெல்லாம் தண்ணீர் அடிப்பது அவர்கள்தான். ஒரு வீட்டில், பிற்பாடு படுக்கையறை ஆன இடத்தில், சாரக் கம்பில் தூளி கட்டி ஒரு பச்சைக் குழந்தையைத் தூங்க வைத்திருந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நான்கு நாள் முன்பு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். அந்தக் குழந்தைக்குத் தன் முதல் வீடு எது என்று தெரியப்போவதில்லை. வீட்டுக்காரருக்கும் தன் வீட்டில் முதலில் கேட்ட அழுகுரல் யாருடையது என்று தெரியாது. எனக்குத் தெரியும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எனக்கு அந்தத் தூளி ஞாபகம் வரும். உங்கள் சுவரைக் கட்டியவர்களும் இப்போது வேறெங்கோ இன்னொருவருக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் பக்கத்து மனையில் வேலை நடந்தால் மதியம் ஒரு குடம் குடிதண்ணீர் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994 முதல் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்துகொள்ளாமல் இருப்பவருக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். வீட்டுக்கு நன்றி என்று நான் மதிப்பவற்றில் இது மேலே வரும்.

சரி, தினசரிக்கு வருவோம். இதை விரதம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். வாசலில் ஆரம்பியுங்கள். வேலையிலிருந்து வரும்போது செருப்பைக் கழற்றி, பூட்டைத் திறந்து, நிலைப்படியைத் தாண்டும் அந்த ஒரு நிமிடத்தில் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். நிலைப்படியில் உட்காராதே, அங்கே நின்று எதையும் கொடுக்காதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பல காரணம் சொல்வதுண்டு. நான் பார்த்தவரை அது வெளியிலிருந்து உள்ளே வரும் மாற்றத்தை உணர வைக்கும் இடம். வாசக்கால் வைக்கும் அன்று அதற்கென்று தனியாகப் பூஜை செய்து, அடியில் நவதானியமும் காசும் போட்டுத்தான் நிறுத்துவோம். கட்டடத்தில் அவ்வளவு மரியாதை கிடைக்கும் மரம் வேறு கிடையாது. மாடி வீட்டில் சாணம் தெளிக்க முடியாது, பரவாயில்லை. நிலைப்படியை ஈரத் துணியால் துடைத்து ஓட்டின்மேல் கையளவு கோலம் போட்டால் போதும். மகளையும் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நாளைக்கு ஒரு இடம். ஒரே ஒரு இடம். இன்றைக்கு ஜன்னல் கம்பி, நாளைக்குக் குழாய், மறுநாள் கதவுக் கீல். ஐந்து நிமிடம் அதைப் பார்ப்பது, துடைப்பது, தேவைப்பட்டால் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது. ஒரு குழாய் விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளில் 20 லிட்டர் வரை போகும். ஒரு குடத்துக்கும் மேலே. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, சென்னையே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதே, அந்த வரிசையில் நின்றவர்களுக்கு அந்த ஒரு குடத்தின் அருமை தெரியும். குழாயின் வாஷரை மாற்றுவது பத்து நிமிட வேலை. மாற்றிவிட்டுக் குழாயை மூடிப் பாருங்கள், சத்தம் நின்றிருக்கும். அந்த நொடியில் மனசுக்குள் வருகிறதே ஒரு நிறைவு, அதைத்தான் நீங்கள் நோட்டில் தேடிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

கோடைச் சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் சலிப்புக்குப் பெரிய காரணமே அதுதான். காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும், சூரியன் போன பிறகு மெல்ல வெளியே விடும். அதனால்தான் வெளியே காற்று ஆறிய பிறகும் இரவு பத்து மணிக்கு உங்கள் அறை மட்டும் சுடுகிறது. மாசி கடைசியில் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு பூச்சு அடியுங்கள். வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், அறையில் வித்தியாசம் தெரியும். பகலில் வெயில் படும் பக்கத்து ஜன்னலை மூடித் திரை போடுங்கள். இருட்டியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்று குறுக்கே ஓட வழி விடுங்கள். எந்த ஜன்னலில் எப்போது காற்று வருகிறது என்று ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். சென்னையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து கிளம்பும். தாம்பரம் வரை வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வீட்டில் எந்த மூலை எந்த நேரத்தில் குளிர்ச்சி என்று தெரிந்த பிறகு, அந்த மூலைக்குப் பாயைக் கொண்டுபோகத் தொடங்குவீர்கள். அப்போது அந்த வீடு உங்களோடு கொஞ்சம் பழகியிருக்கும்.

புரட்டாசியில் மழைக்கு முன்பு இன்னொரு வேலை. மொட்டை மாடியில் தண்ணீர் வடியும் வாயில் இலை, பிளாஸ்டிக் எல்லாம் அடைத்திருக்கும். எடுத்துவிடுங்கள். அங்கிருந்து இறங்கும் குழாய் மழைநீர்த் தொட்டிக்குப் போகிறதா என்று பின்தொடர்ந்து பாருங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல கட்டடங்களில் குழாய் இருக்கும், அடியில் மணலும் சருகும் அடைத்துக் கிடக்கும். அதைச் சுத்தம் செய்ய நான்கு குடித்தனமும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செலவிட்டால் போதும். ஐப்பசியில் முதல் மழை அந்தக் குழாயில் சலசலவென்று இறங்கும் சத்தத்தைக் கேட்க எனக்கு இன்றைக்கும் ஆசை.

இழப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2008-ல் டிமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் முதலியோர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதியவர்களுக்கு உறவில் திருப்தி கூடியது என்று அது சொல்கிறது. வீட்டுக்கும் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்களுக்கு இது கற்பனையாக இல்லை. 2015 டிசம்பரில் எங்கள் ஏழாவது வாடகை வீடு, அடையாற்றுக்குப் பக்கம், தரைத்தளம். ராத்திரியில் தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் எங்களை நான்கு நாள் வைத்துக்கொண்டார்கள். பாய், கஞ்சி, மெழுகுவர்த்தி, எல்லாவற்றையும் பங்கு போட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு இறங்கி வந்து பார்த்தோம். முழங்கால் அளவு சேறு. பீரோ கதவு உப்பித் திறக்கவில்லை. சுவரில் பழுப்பாக ஒரு கோடு, அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில். அதற்கு முந்தின வாரம் வரை அந்த வீட்டில் எனக்கு நூறு குறை இருந்தது. அடுக்களையை மட்டும் முதலில் கழுவி முடித்து, என் மனைவி அடுப்பைப் பற்ற வைத்துப் பால் காய்ச்சினார். புது வீட்டுக்குக் குடிபோவது மாதிரியே, பொங்கும் வரை பக்கத்தில் நின்று பார்த்தோம். வாடகை வீட்டுக்கு இரண்டாம் முறை பால் காய்ச்சியவர்கள் அந்தத் தெருவில் அன்றைக்கு நாங்கள் மட்டும் அல்ல.

இதைச் சொல்வதற்காக ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "உனக்கு இதுவாவது இருக்கிறதே, இல்லாதவர்களைப் பார்" என்று சொல்லி நன்றி வரவழைப்பது எனக்கு உடன்பாடில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 37 குடும்பங்கள் ஒரே அறையில் வாழ்ந்தன. அந்த எண்ணைப் பார்த்தால் வர வேண்டியது கவலை. அதை நம் மன நிம்மதிக்குத் தலையணையாக வைத்துக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 2018-ல் கஜா புயல் அடித்தபின் டெல்டா பக்கம் கூரை போன வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். அங்கே நின்றுகொண்டு என் வீட்டுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. ஓலையும் கம்பும் தார்ப்பாயும் எங்கே கிடைக்கும் என்றுதான் மனம் ஓடியது.

குறையைப் பொறுத்துக்கொள்வதும் நன்றி ஆகிவிடாது. சுவரில் ஓதம் ஏறினால், தளத்தில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிந்தால், சுவிட்சைத் தொடும்போது சுரீர் என்றால், உடனே வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் யாருக்கு எது பொறுப்பு என்று அட்டவணையே இருக்கிறது. கட்டட அமைப்பைச் சேர்ந்த பழுது, வெள்ளையடிப்பு, மின்வயர் ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், சாக்கடைக் குழாய் சுத்தம் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பக்கம். ஒழுகும் இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு "இதுவாவது இருக்கிறதே" என்று உட்கார்ந்திருந்தால் வீடு மெல்லச் சாகும். பழுதைப் பார்த்த அன்றே சொல்கிறவர்தான் அந்தக் கட்டடத்துக்கு உண்மையான உறவுக்காரர். சொல்லாமல் விட்டதால் உள்ளே கம்பி துருப்பிடித்து இடிக்க வேண்டி வந்த தளங்களை நான் பார்த்திருக்கிறேன். இடித்தபோது மனசு வலித்தது.

நண்பர்களின் சொந்த வீடு பற்றி. அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் இருபது வருடம் இருந்தது. பிறருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு மாலையில் வாடகை வீட்டுக்குத் திரும்பும் அந்த நடை எனக்கு நன்றாகத் தெரியும். பணம் சேர்த்துக்கொண்டே இருங்கள், மனை பாருங்கள். ஆனால் அந்த வீடு வரும் வரை உங்கள் மகளின் பால்யம் காத்திருக்காது. அவள் முதல் பல் விழுந்த வீடு இதுவாக இருக்கும். அவளுக்கு "எங்க வீடு" என்றால் வேறெதுவும் இல்லை, இதுதான்.

வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுங்கள். இடம் சின்னது என்று நீங்கள் யாரையும் கூப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் மூன்றாவது வீடு ஒற்றை அறையும் ஒரு சமையல் மறைப்பும். அதில் பொங்கலன்று பதினொரு பேர் சாப்பிட்டார்கள். இரண்டு பந்தி, பாயைச் சுருட்டி வைத்து, மாடிப்படியில் உட்கார்ந்து. அந்த வீட்டை இன்றைக்கு நினைத்தால் அளவு ஞாபகத்தில் இல்லை. சர்க்கரைப் பொங்கல் நெய் வாசம்தான் வருகிறது. நான்கு பேர் சாப்பிட்டுக் கை கழுவிய வீட்டைப் பார்க்கும் கண்ணே வேறு.

இன்னொரு பேச்சு, இது உங்கள் கணவருக்கும் சேர்த்து. வீடு என்று நாம் சொல்வதில் பாதி சுவர், பாதி யாரோ ஒருவரின் உழைப்பு. தரை துடைத்திருப்பது, துணி மடித்திருப்பது, உப்பும் புளியும் தீரும் முன்பு வாங்கி வைத்திருப்பது. பெரும்பாலான வீடுகளில் அந்த யாரோ ஒருவர் பெண்தான். வீட்டுக்கு நன்றியோடு இருக்கப் போகிறேன் என்று ஓர் ஆண் நினைத்தால் இரவு பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்ப்பதில் தொடங்கட்டும். நான் அதை மிகவும் தாமதமாக, ஐம்பது வயதுக்குப் பிறகு தொடங்கினேன். அந்த வருடங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம் உண்டு. காலையில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளரின் பெயர் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கட்டும். அவர் ஒரு வாரம் வராவிட்டால் அந்தக் கட்டடம் வீடாக இருக்காது.

கடைசியாக, நோட்டு. வாரத்துக்கு ஒரு நாள் எழுதச் சொன்னேன் அல்லவா, அதில் நன்றி எழுத வேண்டாம். வீட்டைப் பற்றி எழுதுங்கள், உங்களுக்கு அடுத்து அந்த வீட்டுக்குக் குடிவரப்போகிறவருக்கு.

இது என் யோசனை இல்லை. எங்கள் ஐந்தாவது வீட்டுக்கு நாங்கள் குடிபோனபோது வீடு பெருக்கித் துடைத்திருந்தது. வாசலில் முந்தின நாள் போட்ட கோலம் பாதி அழிந்து கிடந்தது. காலி செய்து போனவர்கள் போட்டது. சமையலறை அலமாரியின் உள்கதவில் ஒரு கோடு போட்ட தாள் ஒட்டியிருந்தது. நீல மை, சிறிய எழுத்து. அவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது, பார்த்ததும் இல்லை. அதில் இருந்ததில் ஞாபகம் உள்ளவரை சொல்கிறேன்.

மோட்டார் சுவிட்சை இரண்டு முறை போட வேண்டும், முதல் முறை எடுக்காது. தெற்கு ஜன்னல் கொக்கி மழையில் நழுவும், கயிறு கட்டிக்கொள்ளவும். குளியலறைக் கதவு கார்த்திகையில் உப்பும், இழுக்க வேண்டாம், தூக்கித் தள்ளவும். மாலை நான்கரைக்குப் பின் அறையில் வெளிச்சம் நன்றாக வரும், பிள்ளைகள் படிக்க அந்த இடம் நல்லது. பின்பக்கத்து முருங்கை கீழ்வீட்டுப் பாட்டியுடையது, கேட்டால் கீரை தருவார். சமையலறை ஜன்னல் மேல் குருவி கூடு கட்டும், பரணில் ஏறும்போது பார்த்து ஏறவும்.

நாங்கள் அந்த வீட்டில் ஆறு வருடம் இருந்தோம். காலி செய்தபோது அந்தத் தாள் மஞ்சளாகியிருந்தது. என் மனைவி அதைப் புதுத் தாளில் அப்படியே எழுதி, கீழே நாங்கள் கண்டதையும் சேர்த்து, அதே உள்கதவில் ஒட்டிவிட்டு வந்தார். பாட்டி இறந்துபோயிருந்தார், முருங்கை வரியை மட்டும் "இப்போது பேத்தியிடம் கேட்கவும்" என்று மாற்றினார்.